பொருள்: இன்டேக் மேனிஃபோல்ட் = உள்ளெடுப்புப் பன்மடி?

வணக்கம்.

பழைய கார் எஞ்சின்களுக்கு இன்டேக் மேனிஃபோல்ட் (கார்ப்பரேட்டரிலிருந்து பெட்ரோல்-காற்றுக் கலவையைச் சிலிண்டர்களுக்குப் பிரித்துக் கொண்டுபோகும் குழாய்த்தொகுதி) செய்யும் கையேட்டின் வரைவில் "உள்ளெடுப்புப் பன்மடி" என்று வந்திருக்கிறது. வியாசர்பாடிப் பட்டறையில் இதை வாசித்தால் எதை எத்தனை மடங்கு பெருக்குவது என்று கேட்பார்கள். "உறிஞ்சுகுழல்" என்பதும் ஆகாது. அது இளநீர்க்கடைச் சொல்.

என் பரிந்துரை பிரிகால். கார்ப்பரேட்டரில் ஒன்றாகப் புறப்படுவது வழியில் பிரிகிறது. கால் என்றால் பழந்தமிழில் காற்று. வாய்க்காலில் இருப்பது நீர் போகும் கால். புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் பக்கம் பல வழிகள் ஒன்றாவதால் அது சேர்கால். பிரிந்து போகும் ஒவ்வொரு குழாயான ரன்னர் ஓடுகால், குழாய்கள் பிரியுமுன் உள்ள அறையான பிளீனம் தேக்கறை.

— வியாசர்பாடி

—

> ரன்னர் ஓடுகால்

ஐயா, பிரிகால் நன்று. ஓடுகால் வேண்டாம், ஓடுகாலி என்றுதான் காதில் விழும். வெறும் "கால்" என்றாலும் "கால் இன்ச்" வந்து குழப்பும். கிளை போதும்.

"சிலிண்டருக்கு ஒரு கிளை" என்ற வரையறையையும் மாற்ற வேண்டும். அம்பாசடரின் 1489 சிசி பி-சீரிஸ் எஞ்சினின் ஹெட்டில் (சிலிண்டர்களை மேலே மூடும் பகுதி) நான்கு சிலிண்டருக்கு உள்வாய் இரண்டே: 1, 2 சிலிண்டர்களுக்கு ஒன்று, 3, 4-க்கு ஒன்று. ஃபயரிங் ஆர்டர் (சிலிண்டர்கள் எரியும் வரிசை) 1-3-4-2 என்பதால் 3-ம் 4-ம் அடுத்தடுத்து ஒரே வாயில் இழுக்கும். பிறகு 2-ம் 1-ம். கலவை சமமாகப் பங்காகாததற்கு இதுவே காரணம். வெளியே நான்கு கிளை வைத்தாலும் ஹெட்டுக்குள் இரண்டிரண்டாகச் சேர்ந்துவிடும். "ஹெட்டின் வாய்க்கு ஒரு கிளை" என்று எழுதுங்கள். அந்த இரட்டை வாய்க்குக் கூட்டுவாய் என்று பெயர் வைக்கலாம்.

— ராயபுரம்

—

சொல் இருக்கட்டும், செய்முறையில் ஒரு பிழை. ஹெட்டோடு போல்ட் போடும் ஃபிளாஞ்சுக்கு 6 மி.மீ. அலுமினியத் தட்டு என்றிருக்கிறது. ஆர்கான் வெல்டிங் சூட்டில் அது வாழைப்பழமாக வளையும். 12 மி.மீ.யில் வெட்டி, வெல்டிங் முடிந்தபின் மில்லிங்கில் முகம் எடுக்க வேண்டும். இறுதித் தடிப்பைப் பக்கத்து எக்ஸாஸ்ட் ஃபிளாஞ்சுதான் தீர்மானிக்கும். பி-சீரிஸில் இரண்டும் ஹெட்டின் ஒரே பக்கம். நடு ஸ்டட்களில் ஒரே தடித்த வாஷர் இரண்டையும் அழுத்துகிறது. அரை மி.மீ. வித்தியாசம் இருந்தாலும் மெலிந்த பக்கம் பிடிக்காது.

உதவாத ஹெட் ஒன்றில் ஃபிளாஞ்சை போல்ட் போட்டு இறுக்கிய பிறகே குழாய். கிளைக்கு நான்கு டாக் (சிறு பொட்டு வெல்டு). பிறகு 20 மி.மீ. இங்கே, 20 மி.மீ. அங்கே என்று மாறி மாறி. ஒரே சுற்றாக ஓட்டினால் ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும். முழுதும் ஆறாமல் போல்ட்டைத் தளர்த்தக் கூடாது. முகத்தில் ஸ்ட்ரெயிட் எட்ஜ் வைத்தால் 0.05 மி.மீ. ஃபீலர் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழையக் கூடாது.

6061 ரக அலுமினியத் தட்டுக்கு 4043 ரக வெல்டிங் கம்பி, ஏசி கரண்ட். தண்டையார்பேட்டை உப்புக்காற்றில் கிடந்த தட்டு வெள்ளை பூத்திருக்கும். அலுமினியம் 660 டிகிரியில் உருகும், மேலே படிந்த ஆக்சைடோ 2000 தாண்டியும் உருகாது. அசிட்டோனால் துடைத்து, அலுமினியத்துக்கென்றே வைத்த ஸ்டெயின்லெஸ் பிரஷ்ஷால் தேய்க்காவிட்டால் வெல்டு ஒட்டாமல் உருளும்.

வாயின் வடிவத்தை ஹெட்டிலிருந்து எடுங்கள், இடையில் வைக்கும் பேக்கிங்கிலிருந்து அல்ல. பேக்கிங்கின் ஓட்டை பெரிது. கிளை வாய் ஹெட் வாயைவிடப் பெரிதானால் காற்று விளிம்பில் முட்டும். அரை மி.மீ. சிறிதாக இருப்பதில் அவ்வளவு கேடில்லை.

இணைப்பில் "ஏர் பிடிப்பது" கையேட்டில் "வெற்றிடக் கசிவு" ஆகியிருக்கிறது. வெற்றிடம் எங்கே கசிகிறது? வெளிக்காற்றல்லவா உள்ளே புகுகிறது! கள்ளக்காற்று என்போம். ஐடில் ஏறி இறங்கும், கார்ப்பரேட்டர் வழியே பின்வெடிக்கும். கிளீனர் ஸ்பிரேயை இணைப்பில் அடித்து ஆர்பிஎம் மாறுகிறதா என்று பார்ப்பது வழக்கம். இந்த ஹெட்டில் எக்ஸாஸ்ட் கீழேயே இருப்பதால், எஞ்சினை அப்போதுதான் ஸ்டார்ட் செய்து, சூடேறுமுன் பார்த்துவிட வேண்டும். இல்லாவிட்டால் தீப்பிடிக்கும்.

— பெரம்பூர்

—

கள்ளக்காற்றுக்கு என் ஓட்டு. தேக்கறை பற்றி ஒரு தயக்கம். கார்ப்பரேட்டர் எஞ்சினில் அந்த அறை பெரிதானால் காற்றின் வேகம் குறைந்து பெட்ரோல் துளிகள் அடியில் இறங்கிவிடும். அங்கே தேக்கம் ஒரு கோளாறு. இன்ஜெக்ஷனில் அறைக்குள் போவது வெறும் காற்று என்பதால் பொருந்தும். பங்கறை என்றால் இரண்டுக்கும் ஆகும்.

பேக்கிங்கைப் பேக்கிங்காகவே விடுங்கள். வரைவில் உள்ள "அடைதாள்" என்ற பெயரைச் சொல்லிப் பாரிமுனையில் கேட்டால் நோட்டுப் புத்தகக் கடையைக் காட்டுவார்கள்.

— கொடுங்கையூர்