ஆட்டத்தில் அணிந்த சட்டை என்று நிபுணர் எழுதித் தந்தால் நம்பிவிடலாமா?

மரமட்டை:

அனைவருக்கும் வணக்கம். பேஸ்பால் வீரர்கள் ஆட்டத்தில் அணிந்த சட்டைகளையும் பயன்படுத்திய மட்டைகளையும் பதினைந்து ஆண்டுகளாகச் சேகரித்து வருகிறேன். நிபுணரின் சான்றிதழ் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்று புதியவர்களுக்குச் சிலர் சொல்லி வருகிறார்கள். அது அவர்களுடைய சேமிப்பைக் கரைக்கும் அறிவுரை என்பதால்தான் இந்த விவாதத்தைத் தொடங்குகிறேன்.

ஆறு ஆண்டுகளுக்கு முன், 1990களில் ஆடிய ஒரு வீரரின் கோடு போட்ட வெள்ளைச் சட்டையை ஓர் ஏலத்தில் எடுத்தேன். கூடவே ஒரு நிபுணரின் கடிதமும் வந்தது. பின்னர் அந்தப் பருவத்தில் எடுக்கப்பட்ட நான்கு படங்கள் கிடைத்தபோது, உருப்பெருக்கியை வைத்துக்கொண்டு ஒரு மாலை முழுவதும் ஒப்பிட்டுப் பார்த்தேன். நான்கு படங்களிலும், முதுகில் உள்ள 4 என்ற எண்ணின் நிமிர்ந்த கால் ஒரு நீலக் கோட்டின் மேலேயே இறங்குகிறது. என் சட்டையில் அது இரண்டு கோடுகளுக்கு நடுவே இறங்குகிறது. கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். "ஆட்டத்தில் பயன்படுத்தியதற்கு ஒத்த தேய்மானம் காணப்படுகிறது" என்றுதான் அதில் இருந்தது. அந்த வீரர் இதை அணிந்தார் என்று ஒரு வரிகூட இல்லை. நான்தான் அப்படிப் படித்துக்கொண்டேன், அப்படிப் படிக்க வேண்டும் என்றுதான் அது எழுதப்பட்டும் இருந்தது.

ஏலக்குரல்:

நண்பர் மரமட்டை அவர்களின் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் அவர் எடுத்த முடிவு அவசர முடிவு. ஒரு வீரருக்கு ஒரு பருவத்தில் உள்ளூர் ஆட்டங்களுக்கென்று ஒரே ஒரு சட்டையா கொடுக்கிறார்கள்? இரண்டு மூன்று தொகுதிகள் கொடுப்பார்கள். நான்கு படங்களும் ஒரே சட்டையைக் காட்டினால், உங்களுடையது மற்றொன்றாக இருக்கலாம். படம் பொருந்தினால் அது சான்று. பொருந்தாவிட்டால் அதை வைத்து ஒன்றும் சொல்லிவிட முடியாது. இந்த வேறுபாட்டை எனக்குக் கற்றுத் தந்தவர்களே நீங்கள் குறை சொல்லும் நிபுணர்கள்தான்.

அவர்கள் வெறுமனே பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவதில்லை. மட்டைகளையே எடுத்துக்கொள்ளுங்கள். லூயிவில் ஸ்லக்கர் மட்டைகளைச் செய்யும் தொழிற்சாலை, எந்த வீரருக்கு எந்த வடிவத்தில் எத்தனை அவுன்ஸ் எடையில் எப்போது மட்டை அனுப்பியது என்று பதிவேடு வைத்திருந்தது. அந்தக் காலத்து வீரர்கள் தங்களுக்குப் பிடித்த மட்டை முறிந்தாலோ தேய்ந்தாலோ, இதே போல் செய்து தரச் சொல்லித் தொழிற்சாலைக்கே திருப்பி அனுப்புவார்கள். அங்கே வேலை செய்தவர்கள் அதன் பக்கவாட்டில் மெழுகுப் பென்சிலால் வீரரின் பெயரையும் அது வந்து சேர்ந்த தேதியையும் எழுதி வைப்பார்கள். அந்த மங்கிய எழுத்தை அடையாளம் கண்டு, பதிவேட்டில் உள்ள எடையோடும் நீளத்தோடும், முத்திரை எந்த ஆண்டில் எந்த வடிவில் இருந்தது என்பதோடும் சேர்த்துப் பார்ப்பது, வாழ்நாளில் பத்து மட்டைகளைத் தொட்டுப் பார்த்த நம்மைப் போன்றவர்களால் ஆகிற காரியம் அல்ல.

மூன்றாம்தளம்:

நான் நியூ ஜெர்சியில் இருக்கிறேன். பொருள் உண்மையா என்பதைவிட, அது உண்மை என்று சொல்பவருக்கு அது எப்படித் தெரியும் என்பதே முதல் கேள்வியாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

1990களின் இறுதியில் அமெரிக்கப் புலனாய்வுத் துறையான எஃப்.பி.ஐ. 'ஆபரேஷன் புல்பென்' என்ற பெயரில் கலிஃபோர்னியாவில் ஒரு போலிக் கையெழுத்துக் கும்பலைப் பிடித்தது. கைப்பற்றியவற்றில் அன்னை தெரசா கையெழுத்திட்டதாகச் சொல்லப்பட்ட பேஸ்பால் பந்தும் இருந்தது. அந்தக் கும்பலின் போலிகள் பலவும் நிபுணர்கள் என்று சொல்லிக்கொண்டவர்களின் சான்றிதழ்களோடுதான் சந்தைக்கு வந்தன. அந்த அனுபவத்துக்குப் பிறகுதான் மேஜர் லீக் பேஸ்பால் அமைப்பு 2001இல் தன் சொந்தச் சான்றளிப்பு முறையைத் தொடங்கியது. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் குறைந்தது ஒரு சான்றாளர் மைதானத்திலேயே இருப்பார். அவர் காவல்துறையில் பணியாற்றுபவராகவோ பணியாற்றி ஓய்வு பெற்றவராகவோ இருப்பார். பந்து ஆட்டத்திலிருந்து வெளியே வந்து தன் கைக்குச் சேரும் வரை கண்ணை எடுக்காமல் பார்த்திருந்து, அதன் பிறகே எண்ணிட்ட மினுங்கும் ஒட்டுவில்லையான ஹாலோகிராமை ஒட்டுவார். இடையில் பந்து கண்ணை விட்டு மறைந்துவிட்டால் ஒட்டமாட்டார். அந்த எண்ணை இணையத்தில் இட்டு, எந்த ஆட்டத்தில் வந்த பொருள் என்று நாமே பார்த்துக்கொள்ளலாம்.

ஹோம் ரன் அடியில் எல்லையைத் தாண்டும் பந்து பார்வையாளர் கூட்டத்துக்குள் போய் விழுந்துவிடுமே என்று கேட்கலாம். அதற்காகத்தான் 2022இல் ஆரன் ஜட்ஜ் அந்தப் பருவத்தின் 62ஆவது ஹோம் ரனை, அதாவது அமெரிக்கன் லீக் சாதனையை, நெருங்கியபோது, அவருக்கு வீசப்பட்ட பந்துகளில் முன்கூட்டியே தனி அடையாளம் இட்டார்கள். 1998இல் மார்க் மெக்வயருக்கும் அப்படியே செய்தார்கள். இங்கே நிபுணரின் ஊகத்துக்கு வேலையே இல்லை. பார்த்தவர் பார்த்ததைச் சொல்கிறார், அவ்வளவுதான்.

ஏலக்குரல்:

ஏற்கிறேன். ஆனால் 2001க்கு முன் ஆடியவர்களை என்ன செய்வது? புகழ்பெற்ற பழைய வீரர் பேப் ரூத்தின் சட்டைக்கு எந்தக் காவலர் சாட்சி? 1932 உலகத் தொடர் என்னும் அமெரிக்க பேஸ்பால் இறுதிப் போட்டியின் மூன்றாவது ஆட்டத்தில் ரூத் அணிந்ததாக ஏற்கப்பட்ட சாம்பல் நிறச் சட்டை, 2005இல் 9,40,000 டாலருக்கு விலைபோனது. அதுவே 2024 ஆகஸ்டில் சுமார் 2.4 கோடி டாலருக்குப் போனது. பழைய படங்களோடு நூல் நூலாக ஒப்பிட்டுப் பார்த்த வல்லுநர்களின் சொல்தான் அதற்கு அடித்தளம். சாட்சி இல்லாத காலத்துப் பொருள்களை எல்லாம் ஒதுக்கிவிடுவோம் என்றால், சேகரிப்பில் மிஞ்சுவது கால் நூற்றாண்டுதான்.

மூன்றாம்தளம்:

ஒதுக்கச் சொல்லவில்லை, எதை வைத்து நம்புகிறோம் என்று தெரிந்து நம்பச் சொல்கிறேன். பழைய பேஸ்பால் வீரர் ஹோனஸ் வாக்னரின் படம் அச்சிட்ட சேகரிப்பு அட்டையை மறந்துவிட்டீர்களா? 1991இல் ஐஸ் ஹாக்கி வீரர் வெய்ன் கிரெட்ஸ்கியும் அவருடைய அணியின் உரிமையாளர் புரூஸ் மெக்னாலும் சேர்ந்து 4,51,000 டாலருக்கு எடுத்த அட்டை அது. அட்டைகளின் நிலையைப் பார்த்துத் தரமிடும் நிறுவனமான பி.எஸ்.ஏ. முதன்முதலாகத் தரமிட்ட அட்டையும் அதுதான். பத்துக்கு 8 என்ற தரம் கொடுத்தது. அதன் ஓரத்தை வெட்டிச் சீர்செய்ததை, அதை விற்ற பில் மாஸ்ட்ரோ 2013இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். ஒரு துறை தன் முதல் அட்டையிலேயே இப்படித் தவறியது எனக்கு இன்றும் வலிக்கிறது.

ஏலக்குரல்:

அது அட்டை, இது துணி; இருந்தாலும் குற்றச்சாட்டு நியாயமானதே. ஆனால் நிபுணரை விட்டுவிட்டு வீரரின் கையிலிருந்தே வாங்கலாம் என்று இங்கே பலர் சொல்வார்கள், அதற்கும் இப்போதே பதில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கக் கால்பந்து வீரர் எலி மேனிங் மீது, ஆட்டத்தில் பயன்படுத்தியவை என்று விற்கப்பட்ட தலைக்கவசங்கள் அப்படிப்பட்டவை அல்ல என்று கூறிச் சேகரிப்பாளர்கள் 2014இல் வழக்குத் தொடுத்தார்கள். அவர் மறுத்தார், 2018இல் வழக்கு சமரசத்தில் முடிந்தது. யார் சொன்னது சரி என்று தீர்ப்பு வரவில்லை. வீரரின் பெயரிலேயே வந்த பொருளுக்கு இந்த நிலை என்றால், பக்கச்சார்பில்லாத மூன்றாவது கண் வேண்டாமா?

மாரடோனாவின் நீலச் சட்டை இன்னொரு சான்று. 1986 ஜூன் 22 அன்று அஸ்டெக்கா மைதானத்தில் இங்கிலாந்துக்கு எதிராக நடந்த உலகக் கோப்பைக் கால்பந்துக் காலிறுதியில் அவர் அடித்த இரண்டு கோல்களும் இரண்டாம் பாதியில் விழுந்தவை. ஆட்டம் முடிந்தபின் இங்கிலாந்தின் ஸ்டீவ் ஹாட்ஜ் அவரோடு சட்டையை மாற்றிக்கொண்டார். கையால் அடித்த முதல் கோலுக்குப் பந்தைத் தவறுதலாகப் பின்னால் தூக்கிவிட்டவரும் அதே ஹாட்ஜ்தான். 2022இல் ஏலத்துக்கு வந்தபோது, அவர் வாங்கியது முதல் பாதிச் சட்டை என்று மாரடோனாவின் குடும்பத்தார் மறுத்தார்கள். பெற்ற மகளின் சொல் ஒரு பக்கம், ஹாட்ஜின் சொல் மறுபக்கம். இரண்டாம் பாதிப் படங்களோடு பொருத்திப் பார்த்த நிபுணர்கள்தான் ஹாட்ஜின் சொல்லை உறுதி செய்தார்கள். 71 லட்சம் பவுண்டுக்கு மேல் போனது.

மரமட்டை:

ஏலக்குரல் அவர்களே, மாரடோனா என் பக்கத்துச் சாட்சி. அந்தச் சட்டைகளை மெக்சிகோ நகரத்துக் கடைகளில் அவசரமாகத் தேடி வாங்கி, சின்னத்தைத் தைத்து, எண்ணை இஸ்திரிப்பெட்டியால் ஒட்டினார்கள். அதனால் ஒவ்வொரு சட்டையிலும் சின்னமும் எண்ணும் வெவ்வேறு இடத்தில் விழுந்தன. அந்தக் கோணலை நிபுணர் காட்டுகிறார், நான் படத்தைப் பார்த்து ஒப்புக்கொள்கிறேன். அங்கே நான் அவருடைய பெயரை நம்பவில்லை, அவர் காட்டியதை நம்புகிறேன். எனக்கு வந்த கடிதம் எதையுமே காட்டவில்லை. அதுவும் அந்தக் கடிதத்துக்குக் கட்டணம் கொடுத்தவர் விற்பவர். காட்டாத நிபுணருக்குப் பணம் தருவதை நிறுத்தினால்தான் காட்டுகிற நிபுணர்கள் பெருகுவார்கள்.

ஏலக்குரல்:

காட்ட முடிந்த இடத்தில் காட்ட வேண்டும் என்பதில் நமக்குள் சண்டையே இல்லை. படமே இல்லாத வீரர்களின் மட்டைகளுக்குப் பதிவேட்டையும் அனுபவத்தையும்தான் நம்ப வேண்டும் என்பதை மட்டும் நான் விடமாட்டேன்.

உங்கள் சட்டைக்கு வருகிறேன். அந்தப் பருவத்தின் பிற்பகுதியில் எடுக்கப்பட்ட பதினோரு படங்கள் என்னிடம் இருக்கின்றன. முதுகு எண்ணையும் இடது தோள் தையலையும் பகல் வெளிச்சத்தில், அளவுகோலைப் பக்கத்தில் வைத்துப் படமெடுத்து இங்கேயே இடுங்கள். என் படங்களையும் இடுகிறேன், எல்லோரும் பார்க்கட்டும்.

மரமட்டை:

இட்டிருக்கிறேன். 4இன் காலுக்கும் வலப்பக்கக் கோட்டுக்கும் இடைவெளி எட்டு மில்லிமீட்டர். இடது தோளில் மூன்றாவது கோடு தையலில் மோதி, மறுபக்கத்தில் அரைக் கோடு தள்ளித் தொடர்கிறது. உங்கள் படங்களுக்காகக் காத்திருக்கிறேன்.