மதுரை வெயிலுக்கு ஏற்ற பேபி கேரியர் எது?

என் மகளுக்கு 5 மாதம், எடை 7 கிலோ. கழுத்து நன்றாக நின்றுவிட்டது. மதுரையில் இரண்டாவது மாடி வீடு, லிஃப்ட் கிடையாது. வாரம் 2 நாள் பஸ்ஸில் அம்மா வீட்டுக்குப் போகிறோம். சிசேரியன் ஆன எனக்கு அவளைக் கையில் தூக்கிப் போனால் இடுப்பு வலி தாங்க முடியவில்லை.

முதலில் 900 ரூபாய்க்கு வாங்கிய கேரியரில் (பிள்ளையை நம் உடலோடு சேர்த்து மாட்டிக்கொள்ளும் பை) இருக்கை ரொம்பக் குறுகல், கால்கள் தொங்கின. தவளை உட்காருவது போல முழங்கால் உயர்ந்திருந்தால்தான் பிள்ளையின் இடுப்பு மூட்டுக்கு நல்லது என்று டாக்டர் சொன்னார். நிறுத்திவிட்டேன்.

அப்புறம் தோழியிடமிருந்து இடுப்பு பெல்ட் வைத்த கேரியரை வாங்கி 10 நாள் பார்த்தேன். வலி குறைந்தது. ஆனால் உள்ளே கனமான ஸ்பாஞ்ச். அரை மணி நேரத்தில் இரண்டு பேரும் தொப்பலாக நனைந்துவிடுகிறோம், பிள்ளைக்கு மார்பெல்லாம் வேர்க்குரு. ஸ்லிங் வளையம் (துணியைக் கோத்து ஒரு தோளில் மாட்டிக்கொள்ள உதவும் வளையம்) வாங்கி அம்மாவின் பழைய சுங்குடிச் சேலையிலும் கட்டிப் பார்த்தேன். அதில்தான் அவள் உடனே தூங்குகிறாள், பார்க்கவே அவ்வளவு நிம்மதியாக இருக்கும். ஆனால் முழு எடையும் ஒரே தோளில். பஸ் ஏறும்போது ஒரு கை அவள் மேலேயே இருக்க வேண்டும்.

பட்ஜெட் 4000 ரூபாய் வரை. இரண்டு தோளிலும் இடுப்பிலும் எடை பிரிகிற, மெல்லிய பருத்தியிலோ வலைத்துணியிலோ செய்த கேரியரை நம் ஊர் வெயிலில் தினமும் பயன்படுத்தியவர்கள், எதை வாங்கலாம் என்று சொல்வீர்களா?