கண்டாங்கிச் சேலைக்கு ஏற்ற தாள் பெட்டி: விவரம் அறிந்தவர்கள் உதவ வேண்டுகிறேன்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். காரைக்குடியில் நெசவாளர்களிடம் நேரடியாக வாங்கும் கண்டாங்கிச் சேலைகளை வெளியூர்களுக்கு அனுப்பிவருகிறோம். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற இச்சேலையை இனிப் பிளாஸ்டிக் உறையின்றி, முழுவதும் தாளாலான பெட்டியில் அனுப்ப விரும்புகிறோம்.

மறுசுழற்சி அட்டையே போதும் என்று பலரும் சொல்கிறார்கள். ஆனால் அமிலமும் லிக்னினும் (மரத்தில் இயல்பாகவே உள்ள ஒரு பொருள்) மிகுந்த அட்டை நாளடைவில் துணியில் பழுப்புக் கறையை ஏற்றிவிடும், கந்தகம் கலந்த தாளோ வெள்ளிச் சரிகையைக் கறுக்கச் செய்யும். மாவுப் பசையால் ஒட்டிய பெட்டியின் மூலைகளை இராமபாணப் பூச்சி அரித்திருந்ததைப் பார்த்த பிறகு, கஞ்சி போட்ட பருத்திச் சேலையை அத்தகைய பெட்டியில் வைக்க மனம் வரவில்லை.

எனவே சேலையைச் சுற்றுவதற்கு அமிலமற்ற, சாயம் ஏற்றாத மெல்லிய தாளும் (பட்டுக்கு என்றால் காரப்பொருள் சேர்க்காததே நல்லது), பிளாஸ்டிக் படலம் ஒட்டாத கெட்டி அட்டைப் பெட்டியும் தேவைப்படுகின்றன. சிவகாசியிலோ மதுரையிலோ இவற்றைச் சிறிய எண்ணிக்கையில் செய்து தருபவர்களை அறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன். பூச்சி அண்டாத பசை எது, மாதிரி அட்டையின் அமிலத்தன்மையைக் கடையிலேயே எப்படிச் சோதிப்பது என்பதையும் அனுபவமுள்ளவர்கள் எழுதினால் மிகவும் நன்றியுடையவனாவேன்.