கிரிஸ் சொல்லும் தொன்மமும் லக்கான் சொல்லும் தொன்மமும் ஒன்றா?

கேள்வி: உளப்பகுப்பாய்வாளர் எர்ன்ஸ்ட் கிரிஸ் 1956-இல் எழுதிய கட்டுரையிலும், 1950-களின் தொடக்கத்தில் பிரெஞ்சு உளப்பகுப்பாய்வாளர் லக்கான் ஆற்றிய உரையிலும் ‘தனிமனிதத் தொன்மம்’ வருகிறது. ஒருவர் தன்னைப் பற்றிக் கட்டிவைத்திருக்கும் பொய் என்று இதைப் புரிந்துகொள்ளலாமா?

பதில் 1: பொய் என்று எடுத்தால் கிரிஸே கைவிட்டுப் போய்விடுவார். அவர் பேசுவது வழுவழுப்பான, இடைவெளியே இல்லாத சுயவரலாறு பற்றி. அதில் வரும் சம்பவங்கள் பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும். ஆனால் அந்தக் கோவையே ஒரு திரை. அதனால் ஒவ்வொரு முறையும் அதே சொற்களில் வரும் பகுதி, வயதுக் கணக்கு இடிக்கும் இடம், சத்தமில்லாமல் தாண்டிப்போகும் ஓரிரு ஆண்டுகள், இவற்றில்தான் காது வைக்க வேண்டும். கேட்கும் உளப்பகுப்பாய்வாளரும் அந்தக் கதையை அப்படியே வரலாறாக ஏற்றுக்கொண்டால் பகுப்பாய்வு அங்கேயே நின்றுவிடும்.

பதில் 2: லக்கான் வேறு திசை. உளப்பகுப்பாய்வைத் தொடங்கிவைத்த ஃபிராய்டு 1909-இல் எழுதிய ‘எலி மனிதர்’ என்ற நோயாளியின் கதைதான் அவருக்கு ஆதாரம். படைப் பயிற்சியில் அந்த நோயாளியின் மூக்குக் கண்ணாடி தொலைகிறது. புதியது தபாலில் வருகிறது. 3.80 குரோனென் (அன்றைய ஆஸ்திரிய நாணயம்) கட்டணத்தை லெஃப்டினன்ட் ‘ஏ’ கட்டியதாகக் கேப்டன் சொல்கிறார். உண்மையில் கட்டியவர் தபால் அலுவலகப் பெண். அது தெரிந்தும், ‘ஏ’வுக்குத்தான் தர வேண்டும் என்ற சபதம் நோயாளியை விடவில்லை. கடைசியில் அவர் போடும் திட்டம் இது: ‘ஏ’ அந்தப் பெண்ணிடம் 3.80 தர வேண்டும், அவள் அதை இன்னொரு லெஃப்டினன்ட் ‘பி’யிடம் தர வேண்டும், இவர் ‘ஏ’வுக்குத் தருவார். கடன் கொடுத்தவளுக்கு ஒரு காசும் மிஞ்சாது!

இந்த நோயாளியின் அப்பா ராணுவத்தில் இருந்தபோது பொறுப்பில் இருந்த பணத்தைச் சீட்டாட்டத்தில் தோற்றவர். தோழர் ஒருவர் கொடுத்துக் காப்பாற்றினார், அந்தக் கடன் அடையவே இல்லை. ஏழைப் பெண் ஒருத்தியை விரும்பியிருந்தும், வசதியான வீட்டில் கல்யாணம் செய்துகொண்டவரும் அவரே. மகன் பிறக்குமுன்பே நடந்துமுடிந்த இந்தக் கணக்குகள்தான் 3.80-க்குள் திரும்ப ஓடுகின்றன. லக்கான் ‘தொன்மம்’ என்று சொல்வது இந்த அமைப்பைத்தான்.

பதில் 3: ஆக, கிரிஸிடம் தொன்மம் நோயாளி வாயால் சொல்லும் கதை, லக்கானிடம் அவர் அறியாமலே நடித்துக்காட்டுவது. ‘தனிமனிதத் தொன்மம்’ என்ற பேச்சை மானிடவியலாளர் லெவி-ஸ்ட்ராஸ் 1949-லேயே தொடங்கிவிட்டார், லக்கான் அங்கிருந்து எடுத்துக்கொண்டார். கிரிஸை வாசிக்கும் முன் ஃபிராய்டின் 1899 ‘திரை நினைவுகள்’ கட்டுரையைப் பாருங்கள், கிரிஸ் திரை என்று எதைச் சொல்கிறார் என்பது பிடிபடும்.