கோடு போட்ட பைஜாமா: நாவலையும் படத்தையும் எப்படி ஒப்பிடுவது?

வாசிப்புவட்டம்:
ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளோடு ஜான் பாய்னின் 'தி பாய் இன் தி ஸ்ட்ரைப்டு பைஜாமாஸ்' (2006) நாவலைப் படிக்கப்போகிறோம். மார்க் ஹெர்மன் இயக்கிய 2008 படத்தையும் போட்டுக்காட்ட எண்ணம். ஒப்பிடச் சொன்னால் 'புத்தகத்தில் இருக்கு, படத்தில் இல்ல' என்று பட்டியல் போட்டு முடித்துவிடுகிறார்கள். எந்த இடங்களை எடுத்தால் பேச்சு உருப்படியாகப் போகும்? எதை முதலில் தருவது? வரலாற்றுப் பிழை உள்ள கதை என்கிறார்களே, அதை என்ன செய்வது?

ரீல்பெட்டி:
நாவல்தான் முதலில். நாஜி வதைமுகாம் தளபதியின் மகனான ஒன்பது வயது புரூனோவுக்குத் தெரிந்ததைத் தாண்டி நாவல் அநேகமாக எதையும் சொல்வதில்லை. முகாமின் பெயர்கூட அவன் வாயில் சரியாக வராது. விட்டுப்போனதை வாசகர்தான் நிரப்ப வேண்டும். படத்தை முன்பே பார்த்துவிட்டால் நிரப்ப ஒன்றும் மிஞ்சாது.

படத்தில் அந்த வேலையை அம்மா கதாபாத்திரத்திடம் கொடுத்துவிட்டார்கள். பிணங்களை எரிக்கும் புகை நாற்றத்தைப் பற்றி, அப்பாவின் கீழ் வேலை செய்யும் லெப்டினன்ட் கோட்லர் வாய்தவறி ஒரு வார்த்தை விடுகிறான். அவள் முகம் மாறிப்போகிறது. நாவலில் இந்தக் காட்சி கிடையாது. முகாமுக்குள் காபிக்கடை இருப்பதாகக் காட்டும் பிரச்சாரப் படத்தை புரூனோ ஒளிந்து பார்த்து நம்புவதும் படத்தின் சொந்தச் சரக்கு. நல்ல சேர்க்கை என்பேன், அவனுடைய அறியாமைக்கு ஒரு காரணம் கிடைக்கிறது. 1944-இல் யூதர்களை அடைத்துவைத்திருந்த தெரேசியன்ஷ்டாட் முகாமில் நாஜிகள் உண்மையிலேயே இப்படியொரு படம் எடுத்தார்கள். மறுபக்கம், ஹிட்லர் விருந்துக்கு வரும் 11ஆம் அத்தியாயம் படத்தில் இல்லை.

ஒரே ஒரு இடத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் முடிவை எடுங்கள். நாவலில் கைதி உடை மாட்டிக்கொண்டு வேலியைத் தாண்டி முகாமுக்குள் போன புரூனோவை மற்றவர்களோடு ஓர் அறையில் அடைக்கிறார்கள். கதவு சாத்தப்படுகிறது, இருட்டு, வேலியோரம் பழகிய யூதச் சிறுவன் ஷ்முவேலின் கையை அவன் விடவில்லை. அதோடு சரி. ஒரு வருடத்துக்கும் மேல் கழித்து அப்பா வேலியோரம் வந்து நின்று நடந்ததை ஊகிக்கிறார். படத்தில் எல்லாம் ஒரே நாளில்: மழை, வேலியோரம் கிடக்கும் துணி, முகாமுக்குள் ஓடும் அப்பா, மேலிருந்து கொட்டப்படும் விஷத் துகள்கள். மாற்றி மாற்றிக் காட்டுவதால் 'நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடுவாரா' என்று பார்ப்பவருக்குப் பதைக்கிறது. அந்தப் பதைப்பு தளபதியின் மகனுக்காக மட்டும்தான். அதே அறையில் அடைக்கப்பட்ட மற்றவர்களுக்காக இல்லை. இதை நீங்கள் சொல்லிவிடாதீர்கள். 'யாருக்காகப் பயந்தீர்கள்?' என்று மட்டும் கேளுங்கள்.

சுவடிக்கட்டு:
முடிவைப் பற்றிச் சொன்னது சரி. ஆனால் அந்தக் கோளாறு படத்தோடு வந்ததல்ல, நாவலிலும் உண்டு. ஷ்முவேலுக்குப் பசியையும் சோகத்தையும் தவிர எழுத்தாளர் அதிகம் ஒன்றும் தரவில்லை.

வேலியில் ஆரம்பியுங்கள். நாவலில் கம்பியின் அடிப்பகுதி தளர்ந்திருக்கிறது, தூக்கினால் நுழையலாம். படத்துக்கே அது நம்பும்படி இல்லைபோலும், மண்வெட்டியால் தோண்ட வைத்துவிட்டார்கள். கதை நடக்கும் முகாமான ஆஷ்விட்ஸில் நிஜமாக இருந்தது மின்சாரம் பாய்ச்சிய முள்வேலி, கூடவே காவல் கோபுரங்கள். அங்கே கொண்டுவரப்பட்ட சிறார் சுமார் 2,32,000 பேர், அதில் யூதர்கள் 2,16,000. ஷ்முவேல் வயதுப் பிள்ளைகளில் பெரும்பாலோரை ரயிலிலிருந்து இறக்கிய கையோடு விஷவாயு அறைக்கு அனுப்பினார்கள். மாதக்கணக்கில் வேலியோரம் உட்கார்ந்து பேச வாய்ப்பே இல்லை.

அதைவிடப் பெரிய சிக்கல் புரூனோவின் அறியாமை. பெர்லினில் 1941 செப்டம்பரிலிருந்து யூதர்கள் மஞ்சள் நட்சத்திரம் அணிந்துதான் வெளியே வரவேண்டும். பள்ளிப் பாடத்திலேயே யூத வெறுப்பு. பத்து வயதானால் ஹிட்லரின் சிறுவர் படையில் சேருவது 1939 முதல் கட்டாயம். நாஜி அதிகாரியின் மகனுக்கு யூதர் என்றால் யாரென்றே தெரியாது என்பதை அப்படியே விட்டால், 'ஜெர்மானியருக்கு ஒன்றும் தெரியாது பாவம்' என்று பிள்ளைகள் எழுதித் தருவார்கள். அக்கா கிரெடலைப் பாருங்கள். நாவலில் பொம்மைகளை ஒதுக்கிவிட்டு வரைபடத்தில் ஊசி குத்துகிறாள், படத்தில் அறைச் சுவரெல்லாம் நாஜி சுவரொட்டி. நம்பத்தகுந்த பிள்ளை அவள்தான், ஆனால் அவளைப் பற்றி யாரும் கட்டுரை எழுதச் சொல்வதில்லை.

ஹோலோகாஸ்ட், அதாவது நாஜிகள் செய்த யூத இனப்படுகொலையின் வரலாற்றைப் படிப்பவர்களும் கற்பிப்பவர்களும் இந்த நாவலைத் தவிர்க்க வேண்டும் என்று ஆஷ்விட்ஸ் அருங்காட்சியகமே 2020 ஜனவரியில் சொல்லிவிட்டது. நாவலாகப் படியுங்கள், வரலாற்றுக்கு அதை நம்பாதீர்கள். உயிர்தப்பியவர் ஒருவரின் சாட்சியத்தைக் கூடவே வையுங்கள், இஸ்ரேலின் ஹோலோகாஸ்ட் நினைவு மையமான யாத் வாஷெமின் இணையதளத்தில் காணொளிகள் கிடைக்கும்.

வாசிப்புவட்டம்:
ரொம்ப நன்றி. எங்களுக்கு ஒரு வகுப்பு 45 நிமிடம்தான். படத்தை எப்படிப் பிரிப்பது?

ரீல்பெட்டி:
படம் 94 நிமிடம். இரண்டு வகுப்பில் படமே முடியாது, பேசவும் நேரம் வேண்டும், மூன்றாக வைத்துக்கொள்ளுங்கள். கடைசிப் பகுதியை நடுவில் நிறுத்தாதீர்கள், அது முடிந்ததும் இருபது நிமிடமாவது மிச்சம் இருக்கட்டும். இல்லாவிட்டால் மணி அடித்ததும் அழுத கண்ணோடு கணக்கு வகுப்புக்குப் போவார்கள்.

சுவடிக்கட்டு:
சின்ன வகுப்புகளுக்கும் இதைச் செய்வதென்றால் நாவலை மாற்றிவிடுங்கள். ஜூடித் கெர் 1971-இல் எழுதிய 'வென் ஹிட்லர் ஸ்டோல் பிங்க் ராபிட்' இருக்கிறது. 1933-இல் பெர்லினை விட்டு ஓடிய தன் குடும்பக் கதையை ஒட்டி எழுதியது. கரோலின் லிங்க் 2019-இல் ஜெர்மன் மொழியில் படமாக்கினார். இரண்டிலும் கதை முகாமுக்குள் போவதே இல்லை. சுவிட்சர்லாந்து, பாரிஸ், லண்டன் என்று வீடு மாறிக்கொண்டே போகும், ஒப்பிட அதுவே போதும்.