வெற்றிலை காய்கறியா இல்லையா?

தராசுமுள்: நீதிபதிகள் சட்டத்தின் எழுத்தை மட்டும் பிடித்துக்கொண்டால் அநியாயமே நடக்காது என்று நேற்று ஒரு மேதாவி எழுதியிருந்தார். 1961இல், இன்றைய மகாராஷ்டிரத்தில் இருக்கும் அகோலா ஊர் வெற்றிலை வியாபாரிகளுக்கு நடந்தது என்ன? அங்கே அப்போது இருந்த மத்திய மாகாண, பேரார் விற்பனை வரிச் சட்டத்தில் காய்கறிக்கு வரி இல்லை. வெற்றிலை கொடியில் விளைகிறது, மெல்லுகிறோம். ஆனாலும் உச்ச நீதிமன்றம் அது காய்கறி இல்லை என்று வரி கட்ட வைத்துவிட்டது.

கொடிக்கால்: அந்த மேதாவி நான்தான், பெயர் சொல்லியே திட்டலாம். அகராதியைத் தூக்கிக்கொண்டு வந்ததே வியாபாரிகள்தான். செடிகொடியில் கிடைப்பதெல்லாம் காய்கறியாம்! தாவரவியல் அர்த்தம் வேண்டாம், ஜனங்கள் பேச்சில் எது காய்கறியோ அதுதான் என்றது நீதிமன்றம். வீட்டில் காய்கறி வாங்கி வரச் சொன்னால் வெற்றிலையோடு போய் நிற்பீர்களா?

தராசுமுள்: எங்கள் தெருக் காய்கறிக் கடையில் கொத்தமல்லிக்குப் பக்கத்தில்தான் வெற்றிலை இருக்கிறது.

கொடிக்கால்: ஊதுபத்தியும் இருக்கும். காய்கறியை எடை போட்டு வாங்குகிறோம், வெற்றிலையைக் கவுளிக் கணக்கில் வாங்குகிறோம். அப்புறம் என்ன?

முருங்கைமரம்: முருங்கைக்காயை எண்ணித்தானே தருகிறார்கள், வக்கீல் சார்?

கொடிக்கால்: நான் வக்கீல் இல்லை. ஜிஎஸ்டி விவாதத்தில் வாங்கிக் கட்டிக்கொண்டது போதாதா உங்களுக்கு?

அம்புஜம்: எங்கள் வீட்டில் வெற்றிலை ரசம் வைப்போம்.

கொடிக்கால்: ரசத்தில் பெருங்காயமும்தான் போடுகிறீர்கள், அம்மா. அதுவும் காய்கறியா?

தராசுமுள்: சரி, இஞ்சிக்கு வாங்க. 1977இல் இதே உச்ச நீதிமன்றம் மேற்கு வங்க வழக்கில் பச்சை இஞ்சி காய்கறிதான் என்றது. இஞ்சியை எவன் வீட்டில் பொரியல் செய்கிறான்?

கொடிக்கால்: வங்கச் சட்டத்தில் 'சப்ஜி, தர்காரி, சாக்' (காய்கறி, கீரைக்கு அங்கே ஜனங்கள் சொல்லும் பெயர்கள்) என்று வழங்கும் காய்கறிகள் என்றே எழுதியிருந்தது. அகோலா வழக்கின் சட்டத்தில், வரிவிலக்குப் பட்டியலில் காய்கறி ஓர் இனம், வெற்றிலை தனி இனம். இரண்டுக்கும் விலக்கு இருந்தது. 1948இல் வெற்றிலையை மட்டும் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். அது காய்கறிக்குள் அடக்கம் என்றால் தனியாக எழுதுவானேன், அப்புறம் எடுப்பானேன்?

தராசுமுள்: இதை முதலிலேயே சொல்லாமல் கவுளி கவுளி என்று கத்தினீர்களே! அதோடு, சட்டம் போட்டவர்கள் மனதில் என்ன இருந்தது என்று பார்ப்பது எழுத்தை மட்டும் பிடித்துக்கொள்வதா?

கொடிக்கால்: பேச்சை மாற்றாதீர்கள். வெற்றிலையை யார் காய்கறி என்கிறார்கள்? ஒருத்தரைக் காட்டுங்கள்.

தராசுமுள்: முதலில் இஞ்சிப் பொரியல் செய்யும் ஒருத்தரை நீங்கள் காட்டுங்கள்.

முருங்கைமரம்: கவுளி என்றால் நூறு வெற்றிலைதானே? எங்கள் கடைக்காரர் எண்பதைக் கட்டிக் கொடுத்துவிட்டுக் கவுளி என்கிறார்.

கொடிக்கால்: மூன்று தலைமுறையாக வெற்றிலை போட்ட வீட்டில் வந்து கவுளிக்குக் கணக்குச் சொல்கிறீர்களா? கடையை மாற்றுங்கள். தராசுமுள், இஞ்சிக்கு வேறு இடத்தில் தனியாக விவாதம் வைத்துக்கொள்ளுங்கள், அங்கேயும் வருகிறேன்.