பொண்ணோட ஏர் ரைஃபிளுக்கு ஸ்டாக் மாத்தணும், தெரிஞ்சவங்க சொல்லுங்க

எல்லாருக்கும் வணக்கம்ங்க. பொண்ணு எட்டாவது படிக்கறா, 10 மீட்டர் ஏர் ரைஃபிள் பழகறா. செகண்ட் ஹேண்ட்ல வாங்குனது, மர ஸ்டாக் (தோள்ல வச்சு புடிக்கற கட்டை), எதையும் நகர்த்த முடியாது. பெரிய ஆளுக்கு செஞ்ச அளவு போல, கட்டையோட பின் முனைல இருக்கற பட் பிளேட்ட தோள்ல வச்சா ட்ரிக்கருக்கு விரல் எட்டி எட்டித்தான் போகுது, கன்னமும் கட்டையில சரியா உக்காரல, தலைய தூக்கிட்டே பாக்கறா, 60 ஷாட் முடியறதுக்குள்ள கழுத்து வலிக்குதுன்னு ஒரே புலம்பல். பத்து மார்க் புள்ளியே அரை மில்லிமீட்டர்தான், இதுல தலை ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு இடத்துல இருந்தா எங்க போய் அடிக்கறது.

கோச் அட்ஜஸ்டபிள் ஸ்டாக் போடுங்கன்னுட்டார். வேற மாடலுக்கு செஞ்ச அலுமினியம் ஸ்டாக் ஒண்ணு விலைக்கு வருது, ஆனா நம்ம ரைஃபிளோட பேரல், ட்ரிக்கர் சேர்ந்த மெட்டல் பகுதி, அதான் ஆக்‌ஷன் அதுல உக்காருமா, ஸ்க்ரூ துளை ஒத்து வருமான்னு வாங்கறதுக்கு முன்னாடி எதையெல்லாம் அளந்து பாக்கணும்? மொத்த எடை 5.5 கிலோவ தாண்டக்கூடாது, அந்த பயமும் இருக்கு.

எங்க வீட்டுக்காரர் என்னடான்னா ஆசாரிகிட்ட குடுத்து பின்னாடி ரெண்டு இஞ்ச் அறுத்துட்டு நகர்ற பட் பிளேட்டும் கன்னம் வைக்கற சீக் பீஸும் மட்டும் மாட்டிக்கலாம்ங்கறார். கேட்டாலே வயித்த கலக்குது எனக்கு, அறுத்தா அறுத்ததுதானே, பொண்ணு வேற வளர்ற வயசு. அப்படி பண்ணவங்க யாராச்சும் இருக்கீங்களா?

இன்னொண்ணு, கழட்டி மாட்டுனா ஆக்‌ஷன் ஸ்க்ரூவ எவ்வளவு டைட் வைக்கணும், டார்க் ரென்ச் (இறுக்கத்த அளந்து முடுக்கற ஸ்பேனர்) கட்டாயமா? அடுத்த மாசம் மேட்ச் இருக்குங்க, இப்ப மாத்தலாமா, முடிஞ்சப்பறம் மாத்தலாமா?